கல்லூரி வாசலில் வரும் அச்சம்

(மருங்காபுரி ஊராட்சி ஒன்றியத்தில், ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, குளம் தூர் வாருதல் ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இக்கூட்டத்தில் இன்று வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். நம் ஒன்றியத்திலிருந்து பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த விஞ்ஞானப் படிப்புகளில் சேரப்போகும் பிள்ளைகளைப் பற்றியது அது. இன்னும் சரியாகச் சொன்னால், அப்பிள்ளைகளின் மனத்தில் எழும் அச்சத்தைப் பற்றியது.

“இது கல்வித் துறையினர் பேச வேண்டிய விஷயமாயிற்றே, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்வியே. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளி பார்த்துக்கொள்கிறது. சேர்ந்த பிறகு கல்லூரி பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரையில் அப்பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறது? உங்கள் ஊரில், உங்கள் கண் முன்னால்தான் இருக்கிறது. சேர்ந்த சில வாரங்களில் மனம் உடைந்து பெட்டியுடன் இறங்கினாலும், அது வந்து இறங்குவது துவரங்குறிச்சிப் பேருந்து நிலையத்தில்தான். எனவே இது ஊர்க் காரியம்.

முன்பு, இடம் கிடைப்பதே நம் பிள்ளைகளுக்குப் பெரும் தடையாக இருந்தது. இன்று வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்கள் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் அதே அளவு ஒதுக்கீடு வந்தது. பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே இடம் கிடைக்கிறது. இப்படிக் கிடைத்த இடத்தை முதல் பருவத்திலேயே கைவிட்டு வரும் பிள்ளையைக் காணும்போதுதான் நமக்கு வயிறு எரிகிறது. கிணறு வெட்டி நீரும் கண்ட பிறகு, கவலை இறைக்க மனமின்றித் திரும்புவதை ஒத்தது அது.

நாம் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பேரும் வேண்டாம். ஓர் உழவர் மணப்பாறைச் சந்தையில் ஓர் இணை மாட்டை விற்றுத் தம் மகனைப் பொறியியல் கல்லூரியில் சேர்த்தார். பள்ளியில் முதலாவதாக வந்த பையன் அவன். மூன்றாம் வாரம் வீட்டிற்கு வந்தவன் திரும்பிப் போக மறுத்துவிட்டான். காரணம் கேட்டால் சொல்லவில்லை, சோறு இறங்கவில்லை. வீட்டில் திருநீறு போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள். பிறகு மெல்ல விசாரித்ததில் வெளிவந்த செய்தி இதுதான். வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். விடை தெரிந்திருந்தும் இவனால் எழுந்து சொல்ல முடியவில்லை. பின் வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவே! இரண்டு பேர் சிரித்த சிரிப்புக்கு ஓர் இணை மாட்டின் விலை போகத் தெரிந்தது. பக்கத்து ஊரில் அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு மாணவன் வந்து, “அண்ணே, எனக்கும் முதல் வருஷம் இப்படித்தான் இருந்தது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று தந்தையிடம் சொல்லி, அவனைக் கையோடு அழைத்துச் சென்றான். அதன் பிறகு அவன் படிப்பை விடவில்லை.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவனுக்குப் பாடம் தெரியாமலில்லை. பாடத்தின் ஆங்கிலப் பெயர்தான் தெரியவில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முடுக்கம் தெரியும். ‘ஆக்ஸிலரேஷன்’ என்றதும் திகைக்கிறது. உந்தம் தெரியும், ‘மொமெண்டம்’ தெரியாது. வகையிடல், தொகையிடல் கணக்குகளை ஓடிப்போய்ப் போடும். ‘டிஃபரன்ஷியேஷன்’, ‘இன்டக்ரேஷன்’ என்று கரும்பலகையில் எழுதினால் ஏதோ புதிய சாஸ்திரம் என்று எண்ணி மலைக்கிறது. பழைய நண்பரைப் புதிய சட்டையில் கண்டு அடையாளம் தெரியாமல் விழிப்பது போன்ற நிலை இது. நம் பெரியவர்கள் பௌதிகம், இரசாயனம் என்று படித்ததையே இன்று இயற்பியல், வேதியியல் என்று பிள்ளைகள் படிக்கின்றனர். பெயர் மாறியதால் நெருப்பு சுடாமற் போயிற்றா?

இதற்கு மருந்து மிகவும் எளியது, காசும் செலவில்லாதது. மேல்நிலை வகுப்புப் பாடநூல்களிலேயே தமிழ்க் கலைச்சொல்லும் அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லும் அச்சிடப்பட்டுள்ளன. தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லாத காரணத்தால் அப்பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. கோடை விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள் ஒன்றுக்குப் பத்துச் சொற்கள் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், அறுபது நாளில் அறுநூறு சொற்கள் ஆகின்றன. முதல் ஆண்டு விஞ்ஞான வகுப்பில் காதில் விழும் சொற்களில் பெரும் பகுதி இதற்குள் அடங்கிவிடும். இலக்கணப் பிழையில்லாமல் ஆங்கிலம் பேசக் கற்பது பிறகு மெதுவாக நடக்கட்டும். அது முதல் நாளே வேண்டுவதில்லை. கோடையில் பெருந்தொகை கட்டி ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு அனுப்புவதைக் காட்டிலும் இந்த நோட்டுப் புத்தகம் மேல் என்பது நமது துணிபு.

அச்சத்திற்கு மற்றொரு வேர், தன்னைப் பிறருடன் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஊர்ப் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன், முதல் மாணவர்களே அறுபது பேர் கூடியிருக்கும் வகுப்பில் போய் உட்காருகிறான். அங்கே யாராவது ஐம்பதாவது இடத்தில் இருந்துதான் ஆக வேண்டும். “ஒதுக்கீட்டில் வந்தவன்” என்று யாரேனும் முணுமுணுத்தால் அதையும் உள்ளே வாங்கிக்கொள்கிறான். ஒதுக்கீடு என்பது வாசலோடு சரி. உள்ளே எல்லாருக்கும் வினாத்தாள் ஒன்று, திருத்துகிறவர் ஒருவர், பட்டம் ஒன்று. இதைப் பிள்ளைக்கு ஊரிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில் வெளிநாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி நமக்குப் பயன்படும். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், யூரி டிரைஸ்மன் என்னும் கணித அறிஞர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். பள்ளியில் நன்றாகப் படித்து வந்த கறுப்பின மாணவர்களில் பலர் முதல் ஆண்டுக் கணிதத்தில் ஏன் தவறுகின்றனர்? ஊக்கமில்லை, அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவில்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் கூறினர். டிரைஸ்மன் கறுப்பின மாணவர் இருபது பேரையும், சீன வம்சாவளி மாணவர் இருபது பேரையும் அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே சென்று கவனித்தார். பேராசிரியர்கள் சொன்ன காரணங்களை அவர் அங்கே காணவில்லை. இரு திறத்தாரும் உழைத்தனர். வேறுபாடு யாதெனில், கறுப்பின மாணவர்கள் பெரும்பாலும் தனியே அறையில் உட்கார்ந்து படித்தனர். சீன மாணவர்கள் தனியே படித்துவிட்டு, பிறகு ஒன்றுகூடி ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினர். ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தன் குறையா, கணக்கே கடினமானதா என்பது கூடிப் படிப்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். தனியே படிப்பவனுக்குக் கடைசி வரை தெரியாது. டிரைஸ்மன் பின்னர் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிப் படிக்கும் முறையை ஏற்படுத்தினார். தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது.

நாற்று நடவையும் களை எடுப்பையும் கூடிச் செய்து பழகிய ஊர்களிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இதை நாம் கற்பிக்கவும் வேண்டுமா என்று தோன்றும். ஆயினும் நம் பிள்ளைகள் கூச்சத்தால் தனித்தே இருந்துவிடுகின்றனர். “தெரியாததைக் கேட்டால் மானம் போய்விடும்” என்னும் எண்ணம் கிராமத்துப் பிள்ளைகளிடம் மிகுதி. அதற்கு நாமும் ஒருவகையில் காரணம். “நம் ஊருக்கே பெருமை தேடித் தரப் போகிறாய்” என்று மாலை போட்டு அனுப்பிவிட்டோம். பிறகு அவன் எப்படி வாயைத் திறந்து தெரியவில்லை என்று சொல்லுவான்?

பெரிய விஞ்ஞானிகள் என்றால் பிறக்கும்போதே துணிவோடு பிறந்தவர்கள் என்றும் நாம் எண்ணிக்கொள்கிறோம். டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் இராமேசுவரத்தில் படகு வைத்துப் பிழைத்த ஒரு குடும்பத்துப் பிள்ளை. 1950-இல் நம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரிக்கு வந்து, விடுதியில் தங்கி நான்கு ஆண்டுகள் படித்தார். இயற்பியலில் பட்டம் பெறும் கடைசி ஆண்டில்தான், தாம் படித்திருக்க வேண்டியது பொறியியல் என்று அவருக்குப் புலப்பட்டதாம். நாலு வருஷம் வீணாயிற்றே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்க்கைக்குப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அங்கேயும் ஒரு முறை, விமான வடிவமைப்பு வேலை மந்தமாக இருக்கிறதென்று பேராசிரியர் சீனிவாசன் கடிந்து, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். உதவித்தொகையை நம்பிப் படிக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இடி! இரவு பகல் பாராமல் உட்கார்ந்து முடித்தார். இவற்றையெல்லாம் ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் தம் வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இஸ்ரோவின் தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த டாக்டர் கே. சிவன் அவர்களின் கதை உழவர்களாகிய உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர். பொறியியல் படிக்க ஆசைப்பட்டார். தந்தையார் உழவர், வசதியில்லை என்று மறுத்து, பக்கத்தில் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் சேர்த்தார். பட்டம் முடிந்தபின் தந்தையே மனம் மாறி, நிலத்தை விற்றாவது பொறியியல் படிக்க வைக்கிறேன் என்று அனுப்பியதாகச் சிவன் பேட்டிகளில் கூறியிருக்கிறார். கல்லூரி வரை வேட்டிதான், எம்.ஐ.டி.க்குப் போனபோதுதான் முதன்முதலாகக் காற்சட்டை அணிந்தாராம். அப்படி ஒருவர் சென்னைப் பிள்ளைகளின் நடுவே போய் உட்கார்ந்தபோது கூச்சம் இல்லாமலா இருந்திருக்கும்?

நிலவில் 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்துக்காரர். முதலில் டிப்ளமோ படித்து, அதன் பின் பொறியியல் பட்டம் பெற்று, நம் மாவட்டத்துத் துவாக்குடியில் இருக்கும் பொறியியல் கல்லூரியில் மேற்படிப்புப் படித்தவர். சுற்று வழி என்றாலும் போய்ச் சேரும் வழியே.

அச்சம் ஒரு பிள்ளையைக் கெடுக்கும் விதத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அச்சத்தால் யாரும் நேரே தோற்பதில்லை. அச்சத்தால் ஒரு நாள் வகுப்புக்குப் போவதில்லை. மறுநாள் பாடம் புரிவதில்லை. ஆகவே அன்றும் போவதில்லை. இப்படியே போனால் வருகைப் பதிவு குறைகிறது. பொதுவாக 75 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். பாடத்தில் தோற்றவனைவிட வருகையில் தோற்றவனுக்கே நட்டம் அதிகம். ஆகவே புரிந்தாலும் புரியாவிட்டாலும் வகுப்பில் போய் உட்காரச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வயலில் ஆளில்லாவிட்டால் என்னவாகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

‘அரியர்’ என்னும் சொல் காதில் விழுந்தவுடன் பல தந்தையர் இடிந்து போகின்றனர். ஒரு பாடத்தில் தவறினால், அப்பாடத்தை மட்டும் பின்னர் மீண்டும் எழுதித் தேறலாம் என்பதே அதன் பொருள். இது பெரிய வசதி. கணித மேதை இராமானுஜன் 1904-இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கருத்தூன்றாமல் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். மனம் நொந்து வீட்டை விட்டே ஓடிப் போனார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் தவறினார். எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது அக்காலத்து முறை. இன்றைய ஏற்பாடு அன்று இருந்திருந்தால் அவர் பட்ட துன்பத்தில் ஒரு பகுதி குறைந்திருக்கும். எனவே மகன் ஒரு தாளில் தவறினான் என்றால், “எத்தனை பாடத்தில் தேறினாய்?” என்று முதலில் கேளுங்கள்.

நாற்றைப் பறித்து நட்டவுடன் பயிர் துவண்டு, இலை மஞ்சளித்து நிற்கிறது. அதைக் கண்டு எந்த உழவரும் பயிர் செத்தது என்று பிடுங்கி எறிவதில்லை. வேர் பிடிக்கும் வரை தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால், சில நாளில் பச்சை பிடித்துவிடும் என்று காத்திருப்பார். கல்லூரியில் அந்தக் காலம் ஏறக்குறைய ஒரு பருவம். அதற்குள் வீட்டிலிருந்து நாம் செய்யக்கூடாத காரியம் ஒன்று இருக்கிறது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “மாட்டை விற்றுப் படிக்க வைக்கிறேன், நினைவிருக்கட்டும்” என்று சொல்லக் கேட்கிறோம். பிள்ளைக்கு அது ஒரு நாளும் மறப்பதில்லை. நினைவூட்டினால் பாரம்தான் கூடும். சாப்பிட்டாயா, யாரோடு போய்ச் சாப்பிட்டாய் என்று கேளுங்கள். யாரோடு என்பதற்கு ஒரு பெயர் வந்தால் பிள்ளை தனியாக இல்லை என்று பொருள்.

பெண் பிள்ளைகளின் காரியத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பையன் பயந்து திரும்பி வந்தால் மறு வருஷம் அனுப்புவோம் என்கிறோம். பெண் திரும்பி வந்தால், “படித்தது போதும்” என்று வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். இதை அறிந்தே அப்பெண் தன் அச்சத்தை வீட்டில் சொல்லாமல் விழுங்குகிறாள். “நீ என்ன சொன்னாலும் படிப்பை நிறுத்த மாட்டோம்” என்று தாயார் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தால்தான் அவள் வாய் திறப்பாள்.

பல நாள் தூக்கமில்லை, உணவில்லை, வாழ்வே வேண்டாம் என்னும் பேச்சு வருகிறது என்றால், அது சாதாரண அச்சம் அன்று. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 104 என்னும் எண்ணிலும், 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கூறுகின்றனர். இதற்குத் தாயத்து உதவாது.

பணக் கவலையும் அச்சத்தோடு சேர்ந்துகொள்வதால் ஒரு சொல். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றைக் கடைசி நாளில் அலைந்து வாங்காமல் மே மாதத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பட்டவை. வங்கிக் கணக்கில் ஆதார் எண் இணைக்கப்படாமையால் பணம் தாமதமாயிற்று என்னும் புகாரை நாம் அடிக்கடி கேட்கிறோம்.

இனி ஊராட்சி செய்யக்கூடியது. புதுக் காளையை ஏரில் பழக்கும்போது, அதைப் போன்ற மற்றொரு புதுக் காளையுடன் யாரும் பூட்டுவதில்லை. சால் தெரிந்த பழைய மாட்டுடனேயே பூட்டுகிறோம். மணப்பாறை மாட்டுக்குப் பேர் போன சீமையில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊராட்சியிலோ அடுத்த ஊராட்சியிலோ இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவ மாணவியர் இருப்பர். புதிதாகச் சேருகிறவர் ஒவ்வொருவருக்கும் அத்தகைய ஒருவரைத் துணையாகக் குறித்துக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. தமக்கும் முதல் ஆண்டு இப்படித்தான் இருந்தது, பிறகு சரியாயிற்று என்று நடந்ததைச் சொன்னால் போதும். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்னும் இரு உளநூல் அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூத்த மாணவர்களின் இத்தகைய அனுபவங்களை முதல் ஆண்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படித்துச் சிந்தித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் மூன்று ஆண்டு வரை உயர்ந்து வந்ததைக் கண்டனர். ஒரு மணி நேரத்தை நம் ஊர் அரச மரத்தடியில் ஒதுக்க இயலாதா?

அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் எழுப்பிய நூலகக் கட்டடம் உங்களூரில் பூட்டிக் கிடந்தால் சாவியைத் தேடி எடுங்கள். சொல் நோட்டுப் புத்தகம் எழுதவும், கூடிக் கணக்குப் போடவும் அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

கிராம சபை ஆகஸ்ட் 15-இலும் அக்டோபர் 2-இலும் கூடுகிறது. கல்லூரி திறந்த புதிதில் வரும் கலக்கமும், முதல் உள்தேர்வு மதிப்பெண் கண்டு வரும் கலக்கமும் ஏறக்குறைய அந்நாட்களை ஒட்டியே வருகின்றன. பிள்ளைகளும் விடுமுறைக்கு ஊர் வந்திருப்பர். கூட்டம் முடிந்தபின் அவர்களைத் தனியே அழைத்து உட்கார வைத்துப் பேசுங்கள். சபையின் நடுவே எழுப்பி மதிப்பெண் கேட்கும் வழக்கம் வேண்டாம்.

ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் இவ்வாண்டு கல்லூரி விஞ்ஞானப் படிப்பில் சேருவோர் பட்டியல் ஜூன் மாதத்திற்குள் ஒன்றிய அலுவலகத்திற்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பட்டியலில் இரண்டு பத்திகள் இருக்கட்டும்: இடப்பக்கம் புதிதாகச் சேரும் பிள்ளையின் பெயர், வலப்பக்கம் துணையாகும் மூத்த மாணவரின் பெயர். வலப்பக்கம் எந்தப் பெயரும் கிடைக்காத ஊராட்சிகள் வெற்றிடமாகவே அனுப்புங்கள். அதை அடுத்த ஊரிலிருந்து நிரப்பித் தருவது எங்கள் பொறுப்பு.